வார்டில் பேசும் இங்கிலீஷ்: நர்ஸ் வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வரத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, ஓஇடி பாஸ் பண்ணிட்டேன். அங்க வந்தா அவங்க பேசறது புரியுமா?" ஓஇடி என்பது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. சிலர் கூடவே ஒரு பிடிஎஃப்பும் அனுப்புவார்கள். அன்றாட ஆங்கிலத் தொடர்கள் ஐந்நூறு, அதற்கு நேராகத் தமிழில் அர்த்தம். இதை மனப்பாடம் செய்தால் போதுமா என்று கேட்பார்கள். முதல் பக்கத்திலேயே 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இருக்கும்.

நான் யார்க்‌ஷயரில், லீட்ஸ் நகரத்தில் முதியோர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். இங்கே மழைக்குக் குறைவே இல்லை. ஆனால் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்று எங்கள் வார்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "இட்ஸ் சக்கிங் இட் டவுன்" என்பார்கள். "டிப்பிங் இட் டவுன்" என்பார்கள். எண்பது வயதுக்காரர்கள் "சைலிங் டவுன்" என்பார்கள். அந்தப் பிடிஎஃப்பில் இது மூன்றும் இல்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு தொடரின் அர்த்தத்தை மட்டும் படித்து வைத்தால் வார்டில் கை கொடுக்காது. அதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதோடு, காதுக்கு வேண்டியது வேறு, வாய்க்கு வேண்டியது வேறு. காதுக்கு வேண்டியது ஏராளம், அது வேலை பார்க்கப் பார்க்க வரும். வாய்க்கு வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் முதல் நாளிலிருந்தே தடுமாறாமல் வர வேண்டும்.

"யூ ஆல் ரைட்?" என்பதையே எடுத்துக்கொள்வோம். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். முகம் வாடியிருக்கிறதோ, ஏதாவது கண்டுபிடித்துவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். நம் ஊரில் "என்ன, ட்யூட்டிக்கு வந்தாச்சா?" என்று கேட்கிற மாதிரிதான். "யெஸ், யூ?" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்கலாம். அவர்களும் நிற்க மாட்டார்கள். ஆனால் இதே கேள்வியைப் படுக்கையில் இருக்கும் பேஷன்டிடம் நீங்கள் கேட்டால், நின்று பதிலைக் கேட்க வேண்டும். சொல் ஒன்றுதான், கேட்கும் இடம் வேறு.

இனி உடம்பைப் பற்றிய பேச்சு. ஓஇடிக்குப் படிக்கும்போது நோயின் பெயரெல்லாம் வந்துவிடும். வயதான பேஷன்ட் யாரும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. நம் ஊர்ப் பாட்டி "மேலுக்கு முடியலை", "கிறுகிறுன்னு வருது", "வெளிக்கு ஒழுங்கா போகலை" என்று சொல்வதைப் போல இவர்களுக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. 'வாட்டர்வொர்க்ஸ்' என்றால் சிறுநீர் சம்பந்தப்பட்ட தொந்தரவு. 'டவுன் பிலோ' என்றால் மறைவிடம். 'த ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு. 'பங்டு அப்' என்றால் மூக்கடைப்பாகவும் இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம். எது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். "ஹேவ் யூ பீன் டுடே?" என்று ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் கேட்டால், எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை, இன்று மலம் கழித்தீர்களா என்று கேட்கிறார். "ஐ ஹேவன்ட் பீன் சின்ஸ் சண்டே" என்று பேஷன்ட் சொன்னால் அதைச் சார்ட்டில் எழுத வேண்டும்.

'ஸ்பெண்ட் எ பென்னி' என்று சில பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். ஒரு பென்னி செலவு செய்ய வேண்டும் என்றால் அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று பொருள். 1851இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுக் கழிப்பறைகள் அமைத்துக் கொடுத்தார், உள்ளே போக ஒரு பென்னி. காசு போட்டால் திறக்கும் கழிப்பறைக் கதவுகள் பிறகு நாடெங்கும் வந்தன. அந்தக் காசும் போய், கதவும் போய், பேச்சு மட்டும் இந்தத் தலைமுறையின் வாயில் தங்கிவிட்டது. இதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காதில் விழுந்ததும் கால் நகர வேண்டும். விழுந்துவிடும் அபாயம் உள்ள ஒரு பாட்டி, யாரும் வரவில்லை என்று தானே எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

"ஐ கேம் ஓவர் ஆல் ஃபன்னி" என்றால் சிரிப்பு வந்தது என்று பொருள் இல்லை. திடீரென்று ஒரு மாதிரியாக வந்தது, மயக்கம் வருகிற மாதிரி இருந்தது என்று பொருள். கேட்டதும் உட்கார வைத்து பிரஷர் பாருங்கள், சர்க்கரை பாருங்கள்.

இன்னும் ஒரு சொல்லை நான் வருகிற எல்லாரிடமும் அழுத்திச் சொல்கிறேன். 'பூர்லி'. சாதாரணமாக "ஐ ஃபீல் எ பிட் பூர்லி" என்றால் உடம்பு கொஞ்சம் சரியில்லை, அவ்வளவுதான். 'அண்டர் த வெதர்' மாதிரி. ஆனால் டாக்டர் உறவினரைத் தனியே அழைத்துப் போய், குரலைத் தாழ்த்தி "ஷீ இஸ் வெரி பூர்லி" என்றால் நிலைமை மோசம், பிழைக்காமலும் போகலாம் என்று சொல்கிறார். மகள் அழ ஆரம்பிப்பாள். பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கு ஏன் அழுகிறாள் என்று விளங்காமல் இருக்கக் கூடாது.

இங்கேதான் வலியைப் பற்றிப் பேச வேண்டும். இந்த மக்கள், அதிலும் வயதானவர்கள், எதையும் குறைத்துச் சொல்லியே வளர்ந்தவர்கள். "நாட் டூ பேட்", "மஸ்ட்ன்ட் கிரம்பிள்", "எ பிட் அன்கம்ஃபர்ட்டபிள்", "ஐ டோன்ட் வான்ட் டு பீ எ பாதர்" (யாருக்கும் தொந்தரவாக இருக்க விரும்பவில்லை). எங்கள் வார்டுக்கு இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு தாத்தா நினைவில் இருக்கிறார். 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்டதற்கு "ஓ, டூ ஆர் த்ரீ, லவ்" என்றார். புன்னகைத்துக்கொண்டேதான் சொன்னார். கையைப் பார்த்தால் கட்டில் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்திருக்கிறார். மூச்சு மேலோட்டமாகப் போகிறது. "இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்ப முடியுமா?" என்று கேட்டதும் "ஐ வுட் ராதர் நாட்" என்றார். இந்த 'ஐ வுட் ராதர் நாட்' என்பதற்கு 'என்னால் முடியவே முடியாது' என்று பொருள் எடுக்க வேண்டும். அவருக்கு வலி மருந்து எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது.

எங்கள் வார்டு சிஸ்டர் இதற்கு ஒரு பழைய கதை சொல்வார். இந்த நாட்டில் பலருக்கும் தெரிந்த கதை. 1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் 29ஆவது பிரிகேடைச் சேர்ந்த குளோஸ்டர் பட்டாலியனைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. பிரிகேடியர் டாம் பிரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்று சொன்னாராம். பிரிட்டிஷ்காரர் காதுக்கு அது 'அழியப் போகிறோம்' என்பதற்குச் சமம். அமெரிக்கர் காதுக்குச் 'கொஞ்சம் சிரமம், சமாளித்துக்கொள்வார்கள்' என்று கேட்டதாம். அந்தப் பட்டாலியனில் பெரும்பாலோர் சிறைபட்டார்கள். ஒரே மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிற இரண்டு பேருக்கே அந்த நிலைமை. ஆகவே 'எ பிட்' என்று காதில் விழுந்தால் அங்கே நில்லுங்கள். எண்ணை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போகாமல், வலியால் என்ன செய்ய முடியவில்லை என்று கேளுங்கள். தூங்க முடிகிறதா, இருமினால் வலிக்கிறதா, எழுந்து உட்கார முடிகிறதா. அப்போது உண்மை வெளியே வரும்.

சாப்பாட்டுப் பேச்சிலும் கவனம் தேவை. இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் பலருக்கு 'டின்னர்' என்பது மதியச் சாப்பாடு. 'டீ' என்பது சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் சாப்பிடும் சாப்பாடு. "ஐ ஹேவ் மை நீடில் பிஃபோர் மை டீ" என்று சர்க்கரை நோயாளி சொன்னால், சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்வேன் என்கிறார். தேநீர் என்று நினைத்துக்கொண்டால் வம்பு. வீட்டில் எத்தனை மணிக்கு என்று மணியையே கேட்டுவிடுங்கள். அதிலும் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை, ஆறரை இல்லை. யார்க்‌ஷயரில் 'வைல்' என்ற சொல்லை 'வரைக்கும்' என்ற பொருளிலும் சொல்வார்கள். "நைன் வைல் ஃபைவ்" என்றால் ஒன்பது முதல் ஐந்து வரை.

சரி, காதுக்கு வேண்டியது இவ்வளவு போதும். வாய்க்கு வருவோம்.

முதல் தொடர், "ஹலோ, மை நேம் இஸ்..." இதில் என்ன இருக்கிறது, எல்லாருக்கும் தெரியுமே என்று தோன்றும். யார்க்‌ஷயரில் முதியோர் மருத்துவராக இருந்த கேட் கிரேஞ்சர் புற்றுநோயால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வருகிற பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்தார். 2013இல் இந்த நான்கு சொல்லையே பெயராக வைத்து ஓர் இயக்கம் தொடங்கினார். அது என்எச்எஸ் என்ற இந்நாட்டு அரசு மருத்துவச் சேவை முழுவதும் பரவியது. 2016இல் 34 வயதில் இறந்துபோனார். எத்தனையோ பேர் சட்டையில் இந்தத் தொடர் எழுதிய பட்டையைக் குத்தியிருப்பதைப் பார்ப்பீர்கள். நம் ஊரில் "சிஸ்டர்" என்று கூப்பிட்டே பழகியவர்கள் நாம். பெயர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் குறைவு. இங்கே 'சிஸ்டர்' என்பது வார்டுப் பொறுப்பில் இருப்பவரின் பதவிப் பெயர். ஆகவே உங்கள் பெயரைச் சொல்லுங்கள், வேலையைச் சொல்லுங்கள், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பேஷன்டிடம் கேளுங்கள். பெயர் நீளமாக இருந்தால் மெதுவாக இரண்டு முறை சொல்லுங்கள். வெட்டிச் சுருக்க வேண்டிய அவசியம் இல்லை. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பாட்டிகள் நிறைய.

படுக்கையைச் சுற்றித் திரை போட்டிருந்தால் தட்ட கதவு கிடையாது. வெளியே நின்று "நாக் நாக்" என்று வாயால் சொல்வார்கள். "ஆர் யூ டீசன்ட்?" என்றும் கேட்பார்கள், உடை சரியாக இருக்கிறதா என்று பொருள். ரத்தம் எடுக்கும்போது ஊசி இறங்குவதற்கு முன் "ஷார்ப் ஸ்கிராட்ச்" என்று சொல்லியே குத்துவார்கள். அதைக் கேட்டதும் பேஷன்ட் கையை அசைக்காமல் தயாராகிவிடுவார். சொல்லாமல் குத்தினால் திடுக்கிட்டு இழுத்துவிடுவார்.

அப்புறம் இந்த 'பாப்', 'ஃபார் மீ'. நல்ல அனுபவமுள்ள ஒரு ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். "கேன் யூ பாப் யுவர் ஆர்ம் அவுட் ஃபார் மீ?" "ஜஸ்ட் பாப் யுவர்செல்ஃப் ஆன் த பெட் ஃபார் மீ." "ரோல் டுவர்ட்ஸ் மீ, லவ்லி, தட்ஸ் இட்." கையை நீட்டு, படு, திரும்பு என்று நேராக மொழிபெயர்த்துச் சொன்னால் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கேட்பவருக்கு அதட்டுகிற மாதிரி இருக்கும். தமிழில் நாம் மரியாதையை வினைச்சொல்லின் முடிவிலேயே வைத்துவிடுகிறோம். நீட்டுங்க, படுங்க, திரும்புங்க. ஆங்கிலத்தில் அந்த 'ங்க' கிடையாது. அதன் வேலையைச் செய்வதுதான் இந்த 'கேன் யூ', 'ஜஸ்ட்', 'ஃபார் மீ' எல்லாம். இவற்றை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பேஷன்ட் உங்களை அன்பான நர்ஸ் என்று நினைப்பதும் கறாரான நர்ஸ் என்று நினைப்பதும் இந்தச் சின்னச் சொற்களால்தான்.

'லவ்' என்று பேஷன்ட் உங்களைக் கூப்பிடுவார். பஸ் டிரைவரும் கூப்பிடுவார். இங்கே அது 'ம்மா' மாதிரி, வேறு எதுவும் இல்லை. நாட்டிங்ஹாம் பக்கம் 'டக்', நியூகாசில் பக்கம் 'பெட்'. நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டுமா என்றால், அவசரப்பட வேண்டாம் என்பேன். சிலருக்கு மிஸ்டர், மிஸஸ் என்று கூப்பிட்டால்தான் பிடிக்கும்.

ஐந்து பேர் ஒரே நேரத்தில் மணி அடித்தால்? "பேர் வித் மீ, ஐ வோன்ட் பீ எ மினிட்." கொஞ்சம் பொறுங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று பொருள். இது தங்கமான தொடர். ஆனால் சொன்னால் திரும்பிப் போக வேண்டும். போகாதவர் வாயில் இதற்கு மதிப்பில்லை.

நம் ஊர் ஆங்கிலத்தில் விட்டுவிட வேண்டியதும் சில உண்டு. நம் ஆங்கிலம் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன், நம்மூரில் அது எல்லாருக்கும் புரிகிற ஆங்கிலம். இங்கே வேறு பொருள் கொடுக்கிறது, அவ்வளவுதான். "ஐ பாஸ்டு அவுட் இன் 2016" என்றால் படிப்பு முடித்தேன் என்று இங்கே யாருக்கும் புரியாது, மயங்கி விழுந்தேன் என்றுதான் புரியும். "குவாலிஃபைட்" என்று சொல்லுங்கள். "இஸ் இட் பெயினிங்?" என்பதற்குப் பதில் "டஸ் இட் ஹர்ட்?" அல்லது "இஸ் இட் சோர்?"

எல்லாவற்றையும்விட முக்கியம், 'எக்ஸ்பயர்ட்'. நம் ஆஸ்பத்திரிகளில் கேஸ் ஷீட்டிலேயே அப்படித்தான் எழுதுகிறோம். இங்கே அது பால் பாக்கெட்டுக்கும் மருந்துக்கும் சொல்கிற சொல். அம்மாவை இழந்த மகனிடம் அந்தச் சொல் போய்ச் சேரக் கூடாது. 'பாஸ்டு அவே' என்று மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் செய்தியைச் சொல்லும் பொறுப்பில் இருக்கும்போது 'டைட்' என்ற சொல்லையே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். 'கான்', 'லாஸ்ட்' என்று சுற்றி வளைத்தால், அதிர்ச்சியில் இருப்பவர் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றுகூட நினைத்துக்கொள்வார். "ஐ ஆம் ஸோ ஸாரி. யுவர் மம் ஹேஸ் டைட்." இவ்வளவுதான். பிறகு பேசாமல் கூட இருங்கள்.

குழைவாகப் பேசக் கூடாத இடம் இன்னொன்று இருக்கிறது. டாக்டருக்குப் போன் செய்வது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வதற்கு "ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங் இஃப் யூ குட்" என்று ஆரம்பிப்பது அழகு. பேஷன்ட் மோசமாகிக்கொண்டிருக்கும்போது அது ஆபத்து. எஸ்பிஏஆர் என்று ஒரு முறை உண்டு: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், என்ன வேண்டும். நாடி, மூச்சு, பிரஷர் போன்றவற்றைப் பார்த்துப் பேஷன்டின் நிலைக்குப் போடும் மதிப்பெண்ணான நியூஸ்-2 ஸ்கோர் 7 அல்லது அதற்கு மேல் போனால் அவசரம் என்று அர்த்தம். எண்ணை முதலிலேயே சொல்லுங்கள். பிறகு, "ஐ ஆம் வொரீட் அபவுட் ஹெர். ஐ வுட் லைக் யூ டு கம் அண்ட் சீ ஹெர் நௌ." கடைசியில், "வென் வில் யூ பீ ஹியர்?" இந்த மூன்றையும் கண்ணாடி முன் நின்று வாய் விட்டுச் சொல்லிப் பழகுங்கள். டாக்டரிடம் குரலைத் தாழ்த்திப் பேசியே பழகிய நமக்கு 'நௌ' என்று சொல்லத் தொண்டை அடைக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே உங்கள் மரியாதை பேஷன்டுக்குத்தான் முதலில்.

எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்கிறவர்களுக்கு. ஓஇடியின் ஸ்பீக்கிங் பகுதியில் இரண்டு ரோல் ப்ளே வரும். தயாராக 3 நிமிடம், பேச 5 நிமிடம். எல்லாரும் நர்ஸ் பக்கத்தை மட்டும் பயிற்சி செய்கிறார்கள். நீங்கள் பேஷன்டாகவும் நடித்துப் பாருங்கள். கோபமான மகளாகவும் நடித்துப் பாருங்கள். எந்தச் சொல் குத்துகிறது, எது ஆறுதலாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரியும். விசா வரும்வரை, எந்த ஊருக்கு வரப்போகிறீர்களோ அந்த ஊர் ரேடியோவைக் கேளுங்கள். எங்கள் பக்கம் என்றால் பிபிசி ரேடியோ லீட்ஸ். சாதாரண மக்கள் போன் போட்டுப் பேசும் நேரத்தைக் கேளுங்கள், செய்தி வாசிப்பவர் மாதிரி பேஷன்ட் பேச மாட்டார்.

வந்த பிறகு சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. கேட்ட தொடர், யார் சொன்னார், கூட இருந்தவர் என்ன பதில் சொன்னார், மூன்றும் ஒரே வரியில். தமிழ் அர்த்தம் எழுதத் தேவையில்லை. பேஷன்ட் பெயரை மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். புரியாவிட்டால் "ஸாரி, வாட் டு யூ மீன் பை தட்?" என்று அப்போதே கேளுங்கள். எங்கள் வார்டில் அப்படிக் கேட்டவர்களிடம் யாரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. டீ ட்ராலி கொண்டுவருகிற அம்மாவிடம் கேட்டால் இன்னும் மூன்று தொடர் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பார்.

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொன்னதில் பாதிதான் உதவும். அங்கே ஊசிக்கு 'ஜாப்' இல்லை, 'ஜாக்'. 'வீ' என்றால் சின்னது. சிறுநீருக்கும் அதே சொல்தான். கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ வேலை பார்க்கும் தோழிகள் யாராவது அந்தப் பக்கத்துப் பேச்சை இதே மாதிரி எழுதுங்கள். என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு அதையும் அனுப்புகிறேன்.